நிப்பாட்டுறதுக்கு என்ன செய்தனி?

சனிக்கிழமை இரவு ஏழு மணி எண்டா எங்கட வீட்டில டீவி ஓடாது. அந்த நேரம் ஸ்காபரோவில காலமை ஒன்பதரை. பெரியப்பாவின்ர மகன் தன்ர கராஜ் கதவைத் திறந்து, போனை ஒரு பெயின்ற் வாளியில சாய்ச்சு வைச்சிட்டு, "சித்தப்பா, நிக்கிறீங்களோ?" எண்டு கூப்பிடுவார். அப்பா அப்பதான் தன்ர கராஜைப் பூட்டிப்போட்டு வந்து, கையில இருக்கிற கிறீஸ் போக மண்ணெண்ணெயும் சவுக்காரமும் போட்டுத் தேய்ச்சுக்கொண்டு நிப்பார். போனைப் பிடிக்கிறது என்ர வேலை. போன வருஷம் அவையின்ர கோடை முழுக்க (எங்களுக்கு எல்லா மாசமும் கோடைதான்) இப்பிடித்தான் போச்சு. ஒரு காருக்கு இரண்டு மெக்கானிக். ஒருத்தர் காருக்குக் கீழ. மற்றவர் பதின்மூவாயிரம் கிலோமீற்றருக்கு அங்கால, கோப்பாயில, வாங்கில இருந்துகொண்டு.

அந்தக் காரை நான் இன்னும் நேரில பார்க்கேல்லை. ஆனா அதின்ர அடிப்பக்கம் எனக்கு நல்லாத் தெரியும்.

1991ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்-5. வட அமெரிக்காவில மியாட்டா எண்டுதான் சொல்லுவினம். அண்ணாவைவிட வயசு கூடின கார். ரெண்டே ரெண்டு சீற், கையால மடிக்கிற துணிக்கூரை, பொத்தானை அமத்தினா முழிச்சுப் பார்க்கிற ஹெட்லைட். 1989 பெப்ரவரியில சிக்காகோ கண்காட்சியில இந்தக் காரை முதல்முதல் காட்டினபோது, 1960களின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில இருந்த சந்தோசத்தை, வழியில நிண்டு போகாத ஜப்பான் காரில தாறதுதான் மஸ்டாவின் எண்ணமா இருந்தது. எஞ்சின் வெறும் 1.6 லீற்றர், 115 குதிரை வலுதான். ஆனா காரின் நிறை ஒரு தொன்னுக்கும் குறைவு. நாலு சில்லுக்கும் டபிள் விஷ்போன் சஸ்பென்சன், பின்சில்லு இழுவை. அதைச் செய்த பொறியியலாளர்கள் 'ஜின்பா இட்டாய்' எண்ட சொல்லைத்தான் பிடிச்சுக்கொண்டு வேலை செய்தவை. குதிரையும் ஓட்டுறவனும் ஒரே உடம்பு எண்டு அர்த்தம். 2016இல இந்தப் பெயரில செய்த கார்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டிட்டுது. உலகத்தில அதிகம் விற்பனையான ரெண்டு சீற் ஸ்போர்ட்ஸ் கார் இதுதான் எண்டு கின்னஸ் புத்தகத்திலயும் இருக்கு.

வீட்டில வைச்சுக் கார் மொடிஃபை பண்ணுற ஆக்களுக்கு ஏன் இது இவ்வளவு பிடிக்குது எண்டதை விளங்கக் கனக்க யோசிக்கத் தேவையில்லை. பொனற்றைத் திறந்தா கை போற அளவுக்கு இடம் இருக்கு. கொம்பியூற்றர் குறைவு. பழுதாப் போனா என்ன பழுதெண்டு கண்ணால பார்க்கலாம்.

அண்ணா காரை வாங்கி முதல் ஆறு மாசத்தில செய்த வேலையளை வரிசையாச் சொல்லுறன். முதல்ல, எயார் ஃபில்டர் பெட்டியைக் கழட்டி எறிஞ்சிட்டு, கூம்பு மாதிரி ஒரு திறந்த ஃபில்டர். பிறகு பெரிய வாய் சைலன்சர். பிறகு காரைப் பதிக்கிறதுக்குக் கட்டை ஸ்பிறிங். பிறகு அகலமான அலோய் றிம். எல்லாம் தன்ர கையால, யூடியூப்பைப் பார்த்து. படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில போட்டார். அன்ரியாக்கள் இதயம் இதயமா அனுப்பிச்சினம். அப்பா மட்டும் ஒண்டும் அனுப்பேல்லை. அடுத்த சனிக்கிழமை கோல் வந்தபோது கேட்டார்:

"ஓடுறதுக்கு எல்லாம் செய்திருக்கிறாய். நிப்பாட்டுறதுக்கு என்ன செய்தனி?"

அண்ணா சிரிச்சார். அப்பா சிரிக்கேல்லை.

இந்தக் கேள்வியை வைச்சுத்தான் நான் இதை எழுதுறன். மொடிஃபை பண்ணுற பொடியளைப் பற்றி எங்கட ஊரில ரெண்டே ரெண்டு கதைதான் இருக்குது. ஒண்டு, "காவாலியள், பிடிச்சு உள்ள போடோணும்." மற்றது, "செம மச்சி, தீ." ரெண்டு பேரும் பார்க்கிறது ஒரே சாமானைத்தான்: சத்தம், உயரம், பளபளப்பு. ஒருத்தருக்கு அது எரிச்சல், மற்றவருக்கு அது அழகு. காருக்குக் கீழ குனிஞ்சு பார்க்கிறது ரெண்டு பக்கத்திலயும் ஒருத்தரும் இல்லை. சொந்தக் காரில சொந்தக் கையால வேலை செய்யிறது நல்ல விசயம், இன்னும் கனபேர் செய்ய வேணும் எண்டதுதான் என்ர கருத்து. ஆனா கை வைச்ச நேரத்தில இருந்து, அந்தக் காருக்கு முன்னால றோட்டைக் கடக்கிற ஒவ்வொருத்தருக்கும் நீங்கள் பொறுப்பு. கொம்பனி இல்லை, நீங்கள்.

ஏனெண்டா ஒரு கார் எண்டது கனக்கப் பேர் சேர்ந்து செய்த சமாதான ஒப்பந்தம் மாதிரி. ஸ்பிறிங் இவ்வளவு நீளம், அதுக்கேற்ற ஷொக், அதுக்கேற்ற றப்பர், அதுக்கேற்ற ரயர். ஒண்டை மாத்தினா மற்ற எல்லாம் குழம்பும். அண்ணா கட்டை ஸ்பிறிங் போட்டார், ஷொக் பழசு. குழியில விழுகிற ஒவ்வொரு தரமும் ஷொக் அடிமுட்ட, கார் முயல் மாதிரித் துள்ளினது. பார்க்க ஸ்போர்ட்ஸ் காராத்தான் இருந்தது. வளைவில பிடிமானம் முந்தினதைவிடக் குறைவு. திறந்த ஃபில்டரும் அப்பிடித்தான். கொம்பனி பூட்டின பெட்டி எஞ்சின் சூட்டில இருந்து காற்றைப் பிரிச்சு எடுக்கும். அதைக் கழட்டினா, எஞ்சின் தன்ர சூட்டுக் காற்றையே திரும்ப இழுக்கும். சூடான காற்றில ஒக்சிசன் அடர்த்தி குறைவு, வலுவும் குறைவு. காசு குடுத்து வலுவைக் குறைச்சிட்டு, உறுமல் கூடினதால வேகம் கூடினது எண்டு நம்புறது! மனிச மனம் எப்பிடி வேலை செய்யுது எண்டதுக்கு எங்கட உளவியல் பாடத்தில இதைவிட நல்ல உதாரணம் தரேல்லை.

சைலன்சரைப் பற்றி ஒரு வேடிக்கை. இந்தக் காரைச் செய்தபோது அதின்ர எக்ஸோஸ்ட் எப்பிடிச் சத்தம் போட வேணும் எண்டதையே மஸ்டாக்காரர் உக்காந்து யோசிச்சுத்தான் அமைச்சவை. அதை வெட்டி எறிஞ்சிட்டுப் பூட்டினது, தகரக் கொட்டிலில மழை பெய்யிற சத்தம்.

சரி, பிரேக்குக்கு வருவம். 1.6 எஞ்சின் வந்த ஆரம்ப மொடலில முன் டிஸ்க் 235 மில்லிமீற்றர். பிறகு 1.8 எஞ்சின் வந்தபோது அதை 255 ஆக்கினவை. அந்தப் பெரிய டிஸ்க்கையும் அதின்ர பிறக்கற்றையும் பழைய காரில பூட்டலாம். கொம்பனியே செய்த சாமான், பழைய சாமான் விக்கிற இடத்தில மலிவா எடுக்கலாம். ஆனா படம் போட்டா ஒருத்தருக்கும் விளங்காது. றிம்முக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கும். அதாலதான் அது கடைசிக்குப் போகுது எண்டு நினைக்கிறன். அப்பா சொன்ன வரிசை நேர்மாறு: முதல்ல ரயர், பிறகு பிரேக், பிறகு ஷொக்கும் புஷ்ஷும், கூலிங். எஞ்சினைத் தொடுறது எல்லாத்துக்கும் பிறகு. "முப்பது வயசுக் காருக்கு முதல் மொடிஃபிகேசன் அதை ஒழுங்கா இருந்தபடி ஆக்கிறதுதான்" எண்டார்.

பிரேக் வேலை ரெண்டு சனிக்கிழமை எடுத்தது. முன்பக்கம் லேசாப் போச்சு. பின்பக்கத்தில அண்ணா மாட்டுப்பட்டார். புது பாட் போடப் பிஸ்டனை உள்ள தள்ள வேணும். பெரிய ஜி-கிளாம்ப் போட்டு நெரிக்கிறார், அசையேல்லை. இன்னும் பலமா நெரிக்கப் போனார்.

"டேய் தம்பி, நிப்பாட்டு. கைபிரேக் கேபிள் எங்க போகுது?"

"அந்தக் கலிப்பருக்குத்தான் சித்தப்பா."

"அப்ப அதுக்குள்ள ஒரு ஸ்குறூ இருக்கு. அமத்தினா உடையும், உள்ள போகாது. பின்னுக்கு ஒரு சின்னப் போல்ட் மூடின மாதிரி இருக்கோ பார்."

இருந்தது. அதைக் கழட்டினா உள்ளுக்குள்ள நாலு மில்லிமீற்றர் அலன் கீ போற ஓட்டை. கீயை எதிர்ப்பக்கம் சுத்தச் சுத்தப் பிஸ்டன் தானா உள்ள போச்சு. அப்பா வாழ்க்கையில ஒரு எம்எக்ஸ்-5ஐத் தொட்டதில்லை. கேபிள் எங்க போகுது எண்டு கேட்டார், அவ்வளவுதான். ஒரு பிரதியை எப்பிடி வாசிக்கிறது எண்டு மூண்டு வருசமாப் படிக்கிறன். என்ர வீட்டு வாங்கில இருந்த ஆள் அதைத்தான் ஒவ்வொரு நாளும் செய்துகொண்டு இருந்திருக்கிறார் எண்டு எனக்கு அண்டைக்குத்தான் பட்டது.

பிறகு நடந்ததைச் சொல்லத்தான் வேணும். பிரேக் முடிஞ்சு, றிம்மைத் திரும்பப் பூட்டி, அடுத்த நாள் அண்ணா ஹைவேயில ஒரு ஓட்டம் ஓடிட்டு வரேக்க எங்களுக்குக் கோல் எடுத்தார். போன் டாஷ்போட்டில. பிரேக் நல்லாப் பிடிக்குது, கூரை திறந்திருக்கு, காத்து அடிக்குது, ஆள் சந்தோசத்தில கத்திக் கதைக்கிறார். அப்பா சாப்பிட்டுக்கொண்டு இருந்தவர் கையைத் தூக்கினார்.

"உதென்ன டக் டக் எண்டு?"

"எது?"

"ஸ்பீட் குறைக்க அதுவும் குறையுது. ஓரத்தில நிப்பாட்டு. இப்ப நிப்பாட்டு. பிரேக்கை அடிக்காத, மெல்லமா."

நிப்பாட்டிப் பார்த்தா இடதுபக்கப் பின்சில்லில நாலு நட்டில ரெண்டு விரலாலேயே சுத்துற அளவுக்கு இளகி இருக்கு. இந்தக் காருக்கு ஒரு சில்லுக்கு நாலு நட்தான். விசயம் என்னெண்டா, வெளியில வாங்கின றிம்மின் நடு ஓட்டை பெரிசு. காரின் ஹப் 54.1 மில்லிமீற்றர். இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேணும், போடேல்லை. அதோட கார் ஜக்கில தொங்கேக்கயே நட்டை இறுக்கிட்டு, நிலத்தில இறக்கின பிறகு திருப்பி இறுக்கேல்லை. புது றிம் பூட்டினா அம்பது, நூறு கிலோமீற்றர் ஓடின பிறகு இன்னொருக்கா இறுக்கிப் பார்க்க வேணும் எண்டதும் தெரியாது. இன்னும் கொஞ்சத் தூரம் போயிருந்தா அந்தச் சில்லு தனியாப் போயிருக்கும். ஹைவேயில, மணிக்கு நூறில, பின்னால ஆரோ ஒருத்தற்ற குடும்பம் வந்துகொண்டிருந்திருக்கும்.

அண்ணா அழுதார். எனக்கும் கை நடுங்கினது. அப்பா ஏசேல்லை. "நட்டை இறுக்கிப்போட்டு மெதுவா வீட்ட போ. போய்ச் சேர்ந்திட்டு எடு" எண்டார். சோறு அப்பிடியே கிடந்தது.

அண்டிரவுதான் அவர் எனக்கு ஒரு கதை சொன்னார். அதுக்கு முதல் சொன்னதில்லை.

தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்தில பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொரிஸ் மைனரும் மண்ணெண்ணெயில ஓடின காலம். இதை எங்கட வீடுகளில எல்லாரும் பெருமையாச் சொல்லுவினம்: கார்பரேற்றருக்குள்ள ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. மண்ணெண்ணெய் எஞ்சினுக்குள்ள நேரத்துக்கு முந்தி வெடிச்சுத் தட்டும் எண்டதால, ஹெட்டுக்குக் கீழ கூடுதலா கஸ்கற் போட்டுக் கொம்பிறஷனைக் குறைக்கிறது. எரியாத மண்ணெண்ணெய் வடிஞ்சு எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், அதால ஒயிலை முகர்ந்து முகர்ந்து பார்க்கிறது. அப்பா அப்ப ஒரு கராஜில எடுபிடி, இருபது வயசு. உண்மையைச் சொன்னா, எங்கட ஆக்கள் செய்த மிகப் பெரிய மொடிஃபிகேசன் அதுதான். ஒரு கொம்பனிக் கற்றலொக்கிலும் அது இல்லை.

ஆனா பெருமைக் கதையில வராத பகுதி ஒண்டு இருக்கு. எரிபொருள் மட்டுமா இல்லை? பிரேக் சிலிண்டருக்குப் போடுற றப்பர் கப்பும் இல்லை. அப்பா ஒரு மொரிஸ் மைனருக்குப் பழைய கப்பைக் கழுவித் திரும்பப் போட்டிருக்கிறார். "ஓடும்" எண்டு சொல்லிக் குடுத்திருக்கிறார். ஓடினது. நிக்கேல்லை. மதகில போய் அடிச்சு, பின்சீற்றில ஆசுப்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாவின்ர கை முறிஞ்சது. ஒருத்தரும் அப்பாவைப் பிழை சொல்லேல்லை. அந்த நேரம் எல்லாத்துக்கும் தடையைச் சொல்லலாம். "ஆனா எனக்குத் தெரியுந்தானே. ஓடுறதுக்கு எல்லாம் செய்தம். நிப்பாட்டுறதுக்கு ஒண்டும் செய்யேல்லை" எண்டார்.

பிறகு எழும்பிக் கை கழுவப் போயிட்டார்.

இதையெல்லாம் யோசிக்கேக்க எனக்குக் கோவம் வாற இடம் வேறை. அண்ணா கிறீஸ் பூசின கையோட படம் போட்டா எங்கட சொந்தக்காரருக்கு அது 'ஹொபி'. "பாருங்கோ, ஐரி வேலையும் செய்துகொண்டு காரும் திருத்துறான்." அப்பாவின்ர கையில அதே கிறீஸ். ஆனா அக்காவுக்குச் சம்பந்தம் பேசேக்க "தகப்பன் என்ன செய்யிறார்?" எண்ட கேள்விக்குப் பதில் சொன்ன உடன ஒரு மௌனம் வரும், அதை நாங்கள் ரெண்டு தரம் கேட்டிட்டம். என்னைக் கலைப்பீடத்துக்கு அனுப்பினதும் "இந்த அழுக்கு உனக்கு வேண்டாம்" எண்டுதான். அனுப்பினது அப்பாவேதான். அந்த மௌனத்தை அவர் எங்களைவிடக் கனகாலமாக் கேட்டிருக்கிறார். விருப்பத்துக்குச் செய்தா ரசனை, வயித்துக்குச் செய்தா அழுக்கு எண்டுறது என்ன கணக்கு எண்டு எனக்கு விளங்கேல்லை. விருப்பத்துக்குச் செய்யிறவர் யூடியூப்பில தேடிக் கிடைக்காத பதில், வயித்துக்குச் செய்தவரிட்ட இருந்தது.

இலங்கையில இந்தக் கதை இன்னும் முக்கியம். 2020 மார்ச்சில நிப்பாட்டின வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இப்பவும் விலையைக் கேட்டா மயக்கம் வரும். அதால எங்கட றோட்டில ஓடுறதில கனக்க இருபது, முப்பது வயசுக் கார்கள். அதுக்கு மேலதான் பொடியள் ஸ்பொய்லரும் சைலன்சரும் பூட்டுறாங்கள். அதே 2025 தொடக்கத்தில பொலிஸ் பஸ், ஓட்டோ எல்லாத்திலயும் கூடுதல் லைட்டையும் அலங்காரத்தையும் கழட்ட வெளிக்கிட்டபோது பெரிய சண்டை வந்தது ஞாபகம் இருக்கும். சிலது உண்மையிலேயே கண்ணைக் கூச வைக்கிற லைட், கழட்டத்தான் வேணும். நான் அதுக்கு எதிரில்லை. ஆனா றோட்டில நிண்டு பார்த்தாத் தெரியிறதைத்தான் றோட்டில நிண்டு கழட்டலாம். தேஞ்ச பிரேக் பாட் றோட்டில நிண்டு பார்க்கத் தெரியாது. சொந்தக் காருக்கு வருசத்துக்கு ஒருக்கா வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றும் இன்சூரன்ஸும் கேப்பினம். புகைக்குழாய்க்குள்ள குழாய் விட்டுப் பார்க்கிறவர் உங்கட பிரேக்கைத் தொடவும் மாட்டார். அப்ப அதைப் பார்க்க வேண்டிய ஆள் ஆர்?

"அப்ப எல்லாத்தையும் தெரிஞ்ச மெக்கானிக்கிட்டக் குடுத்தாச் சரிதானே" எண்டு ஒரு நண்பர் கேட்டார். அரைவாசி சரி. பிரேக் லைனும் ஸ்ரியறிங்கும் முதல் தரம் தனியாச் செய்யிற வேலை இல்லை, பக்கத்தில தெரிஞ்ச ஒருத்தர் வேணும். ஆனா சொந்தமாக் கழட்டிப் பார்த்தவருக்குத்தான் பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும், ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்த வேணும் எண்டது உடம்பில பதியும். அண்ணா இப்ப அப்பிடித்தான். நண்பர்களின் கார் ஏறினா முதல்ல குனிஞ்சு ரயரைப் பார்க்கிறாராம். ஆக்களுக்கு எரிச்சல் வருதாம்.

போன மார்கழியில அண்ணா யாழ்ப்பாணம் வந்தார். எல்லாருக்கும் சொக்கிலேற்றும் சென்ற்றும். அப்பாவுக்கு மட்டும் ஒரு நீளப் பெட்டி, உள்ள டோர்க் ரெஞ்ச். எத்தினை நியூட்டன் மீற்றர் எண்டு வைச்சா, அந்த அளவுக்கு இறுகினதும் 'கிளிக்' எண்டும். அப்பா முப்பது வருசமாக் கைக்கணக்கிலதான் இறுக்கிறவர். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உதில்லாமலே எனக்குத் தெரியும்" எண்டார். பிறகு கராஜில நிண்ட கொரோல்லா ஒண்டின் சில்லைத் தன்ர வழமைப்படி கையால இறுக்கிப்போட்டு, ரெஞ்சை 103இல வைச்சு ஒவ்வொரு நட்டாச் சோதிச்சார். கிளிக். கிளிக். கிளிக். நாலாவது கிளிக் எண்ண முதல் கால்வாசி சுத்துச் சுத்தினது.

அப்பா அதையே பார்த்துக்கொண்டு நிண்டார். பிறகு மற்ற மூண்டு சில்லையும் சோதிச்சார். ரெஞ்சைப் பெட்டிக்குள்ள வைக்கேல்லை. சுவரில, கை எட்டுற உயரத்தில, ஒரு ஆணி அடிச்சுத் தொங்கவிட்டிருக்கிறார்.